பத்து மணிக்கு மேல் கைப்பேசி

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரவு பதினொரு மணிக்குப் பிறகும் இன்ஸ்டாகிராமிலேயே இருக்கிறாள். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: பிடுங்குவதை முதலில் நிறுத்துங்கள், எப்போது பறிபோகும் என்று தெரியாத பொருளை ஒளித்துப் பயன்படுத்தவே பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். 2024 செப்டம்பரில் அறிமுகமாகி, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்த இன்ஸ்டாகிராமின் 'டீன் அக்கவுன்ட்' (பதின்ம வயதினருக்கான கணக்கு) முறையில், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் தாமாகவே அடங்கிவிடுவதோடு, 16 வயதுக்குக் குறைந்தவர்கள் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் ஒப்புதலும் தேவைப்படும். கணக்குத் தொடங்கும்போது மகள் தன் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தால் (பலரும் செய்வதுதான்) இந்த ஏற்பாடு பயன்படாமல் போகலாம். அவளுடன் அமர்ந்து அதைச் சரிபாருங்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதையே தடுத்திருக்கிறது என்றாலும், உங்கள் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. இரவு பத்து மணிக்கு எல்லோருடைய கைப்பேசிகளும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் உட்பட, கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். காலையில் எழுவதற்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்தச் சாக்கும் இருக்காது.