அப்பா குடித்ததே இல்லை, அப்புறம் எப்படி வந்தது?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கல்லீரலில் புற்றுநோய். குடிப்பழக்கம் அறவே கிடையாது. ஹெபடைடிஸ் பி கிருமி பல வருடமாக உள்ளே இருந்திருக்கிறது என்கிறார்கள். "புற்றுநோயைத் தடுக்கும் மரபணு கெட்டுப்போகவில்லை, மூடிக்கிடக்கிறது" என்று டாக்டர் சொன்னார். மூடியதைத் திறக்க முடியாதா? எனக்கும் என் பெண்ணுக்கும் வருமா? அப்பா சத்தியமாகக் குடித்ததில்லை.
– ஒரு வாசகி, சயான் கோலிவாடா, மும்பை

பதில்: குடிக்கவில்லை என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் யாரோ வாய்க்கு வந்ததைப் பேசி நோகடித்திருக்க வேண்டும். அவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள் அம்மா, இந்த நோய் வர ஒரு சொட்டு மதுகூட வேண்டாம். பி கிருமி ஒன்றே போதும்.

மரபணு மூடிக்கிடப்பது என்றால் என்ன? என் அம்மாவின் சமையல் நோட்டில் சில பக்கங்களைச் சேர்த்துப் பின் குத்தி வைத்திருப்பார். எழுத்து ஒன்றும் அழிந்திருக்காது, படிக்கத்தான் முடியாது. டிஎன்ஏவில் 'சி' என்ற எழுத்தின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டுவது அந்தப் பின் மாதிரிதான். மரபணு தொடங்கும் இடத்தில் நெருக்கமாக ஒட்டிவிட்டால் செல் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. தேவையில்லாத மரபணுக்களை மூடி வைக்க உடம்பே கையாளும் முறை இது. ஆனால் பி16 என்று ஒரு மரபணு உண்டு. செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடுவது அதன் வேலை. கல்லீரல் புற்றுநோயில் அடிக்கடி மூடிக்கிடப்பது இந்தப் பக்கமும், ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ, எஸ்ஓசிஎஸ்1 போன்ற வேறு சில பக்கங்களும்.

கல்லீரல் செல் சாதாரணமாக எப்போதாவதுதான் பிரியும். கிருமி இருந்தால் செல்கள் சாவதும் புதிது பிறப்பதும் வருடக்கணக்கில் ஓயாது. ஒவ்வொரு பிரிவிலும் நோட்டு முழுவதும் நகலாகிறது. பழைய நோட்டில் பின் எங்கே என்று பார்த்துப் புதியதிலும் அதே இடத்தில் குத்த டிஎன்எம்டி1 என்ற நொதி இருக்கிறது. பி கிருமியின் எக்ஸ் புரதம் இந்த வகை நொதிகளைக் கூட்டிவிடுகிறது. கட்டிக்குப் பக்கத்தில் சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன, திசுவிலேயே இந்தப் பின்கள் தென்படுவதுண்டு. அதாவது, கட்டி தெரிவதற்கு வெகு முன்னாலேயே பக்கங்கள் மூட ஆரம்பித்துவிடுகின்றன.

திறக்க முடியுமா என்றால், அசாசிடிடின் என்ற மருந்து டிஎன்ஏவுக்குள் புகுந்து, பின் குத்த வரும் நொதியைப் பிடித்துப் போட்டுவிடும். எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகை ரத்த நோய்க்கு அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்றது. கல்லீரல் கட்டிக்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. அது பக்கம் பார்த்துத் திறப்பதில்லை, மூடியே இருக்க வேண்டியதும் சேர்ந்து திறக்கும். அப்பாவுக்கு இப்போது டாக்டர் சொல்லும் சிகிச்சையையே விடாமல் செய்யுங்கள்.

அடுத்தது உங்கள் வீடு. அப்பாவின் கல்லீரலில் விழுந்த பின்கள் உங்களுக்கு வராது. கிருமி வந்திருக்கலாம், அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே தட்டில் சாப்பிட்டதால் ஒட்டாது. ரத்தத்தால், உடலுறவால், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, ஒரே சவர பிளேடைப் பகிர்வதால் பரவும். நீங்கள், அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் கிருமி உள்ளே இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி இல்லை, எதிர்ப்பு சக்தியும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி. பெண்ணின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். நாடு முழுக்க இந்த ஊசி அரசு அட்டவணைக்கு வந்தது 2011-ல்தான். கிருமி இருப்பதாக வந்தால் கல்லீரல் மருத்துவரிடம் போங்கள். கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்திருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் சித்தப்பா. மாதுங்காவில் ரத்ததானம் செய்யப் போனவரிடம் பி இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று சீட்டை மடித்துப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். பதினான்கு வருடம் கழித்து அவருடைய திசு என் மேஜைக்கே வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். வரிசையாக நிற்க வேண்டிய செல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, உட்கருக்கள் பெருத்துக் கறுத்திருந்தன. கண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த பெயரை மறுபடி படித்தேன்.

கேள்வி: மழைக்காலத்தில் வேர்க்கடலை பூசணம் பிடித்துவிடுகிறது. கழுவி வறுத்துவிட்டால் சரியாகிவிடும்தானே?
– ஒரு வாசகர், தாராவி, மும்பை

பதில்: ஆகாது. பூசணம் விடும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுக்கும் சூட்டில் முழுதாக அழியாது. இது பின் குத்தும் வேலையோடு நிற்பதில்லை, எழுத்தையே மாற்றிவிடும். பி53 என்ற இன்னொரு காவல் மரபணுவில் 249-ம் இடத்தில் அந்த மாற்றம் விழுவதை 1991-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பி கிருமியும் உடம்பில் இருந்தால் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. கிலோ கணக்கில் வாங்கி அடுக்காமல் வேண்டிய அளவு வாங்கி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள். தின்னும்போது ஒன்று கசந்தால் உடனே துப்பிவிடுங்கள்.