டிகாக்‌ஷன் நிற சீரம், எலுமிச்சைச் சாறு, மங்கு: சருமக் கேள்விகளும் பதில்களும்

இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய வைட்டமின் சி சீரம் தண்ணீர் போல இருந்தது. இப்போது காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. பாதி பாட்டில் மிச்சம். பூசலாமா?
– வாசகி, திருச்சி

வேண்டாம். கொடுத்த விலையை நினைத்தால் மனசு கேட்காதுதான். ஆனால் உள்ளே இருப்பது இனி நீங்கள் வாங்கிய மருந்து இல்லை.

வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், வெயிலால் தோலில் உண்டாகி செல்களைக் கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற மூலக்கூறுகளுக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றை அடக்குகிறது. கொடுப்பது அதன் குணம். தோல் கிடைக்காவிட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடும். உங்கள் சீரம் முகத்தில் செய்ய வேண்டிய வேலையைப் பாட்டிலுக்குள்ளேயே செய்து முடித்துவிட்டது. அது சிதையும்போது உருவாகும் பொருள்களில் ஒன்று எரித்ருலோஸ். வெளிநாடுகளில் வெயிலில் காயாமலே தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளப் பூசும் லோஷன்களில் இதுவும் சேர்க்கப்படுகிறது. நிறம் தெளிய வேண்டும் என்று வாங்கியதைப் பூசி, முகத்தில் மஞ்சள் கறை ஏற்றிக்கொள்வானேன்?

வெளிர் மஞ்சள் என்றால் பயப்பட வேண்டாம். சில சீரம்கள் முதல் நாளே அப்படித்தான் இருக்கும். பாட்டிலைத் திறந்த அன்றைக்கே ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பார்த்துவிடுங்கள், தேதியை பாட்டிலிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். 30 மில்லியைவிட 15 மில்லி பாட்டில் நல்லது, டிராப்பரைவிடக் காற்றுப் புகாத பம்ப் நல்லது. நம் ஊர் மே மாதத்தில், ஹீட்டர் ஓடுகிற பாத்ரூமில் எந்த சீரமும் தாங்காது. ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது 10 முதல் 20 சதவீதத்துக்குள் பாருங்கள். 20-க்கு மேல் போனால் எரிச்சல்தான் கூடும், தோலுக்குள் போகும் அளவு கூடாது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 3.5-க்குக் கீழே இருந்தால்தான் அஸ்கார்பிக் அமிலம் சரியாக உள்ளே இறங்கும். அதனால் பூசியதும் லேசாகச் சுள்ளென்று இருப்பது இயல்பு. ஒருமுறை தோல் நிறைந்துவிட்டால், அந்த அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 4 நாள் ஆகும். ஒரு நாள் மறந்தால் குடி முழுகிவிடாது.

சேல்ஸ் வேலை, நாள் முழுக்க டூவீலரில் அலைச்சல். சீரம் போட்டால் சன்ஸ்கிரீனை விட்டுவிடலாமா? இரண்டும் சேர்ந்தால் முகம் பிசுபிசுக்கிறது.
– வாசகர், மதுரை

ஒன்றைத்தான் போட முடியும் என்றால் சன்ஸ்கிரீனைப் போடுங்கள். சீரமை விடுங்கள்.

சன்ஸ்கிரீன் கூரை என்றால், ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது வைட்டமின் சி போல ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் பொருள், ஒழுகுகிற இடத்தில் வைக்கிற பாத்திரம். எந்தக் கூரையும் கொஞ்சம் ஒழுகும், அங்கேதான் சீரமுக்கு வேலை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். 15 சதவீத வைட்டமின் சி-யும் 1 சதவீத வைட்டமின் ஈ-யும் சேர்ந்து தந்த 4 மடங்குப் பாதுகாப்பு, 0.5 சதவீத ஃபெருலிக் அமிலம் சேர்த்ததும் 8 மடங்கானது. ஃபெருலிக் அமிலம் அந்தக் கலவை சீக்கிரம் கெடாமலும் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அது பன்றித் தோலில், செயற்கை வெயிலில் நடந்த சோதனை. பின்னெல் சீரம் வியாபாரத்திலும் இருந்தவர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 8-ஐ சன்ஸ்கிரீனில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். கணக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவும் கூடாது.

பிசுபிசுப்புக்கு ஜெல் வகை சன்ஸ்கிரீன் வாங்குங்கள். காலையில் முகம் கழுவி, ஈரம் போனதும் சீரம் நாலைந்து சொட்டு. அது இழுத்துக்கொண்டதும் இரண்டு விரல் நீளத்துக்கு சன்ஸ்கிரீன். புறங்கையை மறந்துவிடாதீர்கள். வாட்சைக் கழற்றிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

காசு கொடுத்து சீரம் எதற்கு? எலுமிச்சையிலும் அதே வைட்டமின் சி தானே?
– வாசகி, நாகர்கோவில்

அதேதான், அளவுதான் வேறு. 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் 30 முதல் 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். சதவீதமாகச் சொன்னால் அதிகம் போனால் 0.05. சீரமில் 10, 15 என்று பேசுகிறோம். போதாததற்கு, எலுமிச்சையில், முக்கியமாகத் தோலில், ஃபுரோகூமரின் என்றொரு பொருள் உண்டு. அது பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கலாம். பிறகு சாறு வழிந்த வழியே கருந்தடம் விழும், அது மறைய மாதக்கணக்கில் ஆகும். ரசத்தில் பிழியுங்கள், முகத்தில் வேண்டாம்.

ஆபரேஷன் தழும்பில் வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பூசுகிறேன். மறையுமா?
– வாசகி, ஈரோடு

மறையாது. மயாமியில் 15 பேரின் அறுவைத் தழும்பைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் வைட்டமின் ஈ கலந்த களிம்பு பூசிப் பார்த்தார்கள். 1999-இல் வெளிவந்த முடிவு: 90 சதவீதம் பேருக்குப் பலனே இல்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமானது. மூன்றில் ஒருவருக்கு அரிப்பும் தடிப்பும் வந்தன. சிலிக்கோன் ஜெல்லோ ஷீட்டோ வாங்கிப் பாருங்கள்.

நியாசினமைடையும் வைட்டமின் சி-யையும் சேர்த்துப் போடக் கூடாதாமே?
– கல்லூரி மாணவர், கோவை

போடலாம். அது பழைய பயம். நியாசினமைடு என்பது வைட்டமின் பி3-இன் ஒரு வகை, 5 சதவீதமே போதும். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போடுகிறீர்கள் என்றால் அதை மட்டும் ராத்திரிக்குத் தள்ளுங்கள். சேர்த்துப் பூசினால் வைட்டமின் சி-யை அது காலி செய்துவிடும்.

வயது 54. கன்னத்தில் பத்து வருட மங்கு, கண்ணோரம் சுருக்கம். மெடிக்கலில் கொடுத்த கிரீமில் பத்தே நாளில் முகம் பளிச்சென்றானது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. சீரமுக்கு மாறலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பத்து நாளில் பளிச்சென்றது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எந்த ஆன்டிஆக்ஸிடன்டும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கவே மூன்று மாதமாவது ஆகும், ஆழமான மடிப்பு எதற்கும் அசையாது. மங்குக்கு வெயில் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் எதிரி. அதனால் அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன்தான் உங்களுக்கு முதல் மருந்து, சீரம் அதற்குத் துணை.

அதற்கு முன்னால், அந்த ட்யூபில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. நாள்பட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், முடியும் முளைக்கும். நீங்களாகவே சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். ஆகவே முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள், ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். சுருட்டிச் சுருட்டி எழுத்து மடிப்புக்குள் போயிருந்தாலும் பரவாயில்லை, பிரித்துப் படித்துக்கொள்வார்.