மழை விட்டும் ஆறு விடவில்லை: திருகோணமலை வானிலைக் கேள்வி பதில்

2025 நவம்பரில் டித்வா புயல் போன பிறகு வந்து குவிந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில் இது. நான் வளிமண்டலவியல் திணைக்களத்து ஆள் இல்லை. புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் மழைமானி ஒன்று வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து கொப்பியில் எழுதுகிறவன். அவ்வளவுதான்.

மூதூர்: மழை குறைந்த பிறகுதான் சேர் எங்களுக்குத் தண்ணீர் ஏறியது. அது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். உங்கள் வெள்ளம் உங்கள் தலைக்கு மேல் பெய்தது இல்லை, தம்பி. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து உங்கள் பக்கம் கொட்டியார் குடாவில் விழுகிறது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, பத்தாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேல், அதன் நீரேந்து பரப்பு. அவ்வளவு இடத்திலும் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் நூறு கோடி கன மீற்றருக்கு மேல் தண்ணீர். டித்வா மெதுவாக நகர்ந்ததால் மலைநாட்டில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றரையும் தாண்டிக் கொட்டியது. எல்லாம் நிலத்துக்குள் போகாது, குளங்களும் கொஞ்சம் பிடிக்கும். மிச்சம் பொலன்னறுவைப் பக்கத்து மன்னம்பிட்டி வழியாக உங்களிடம்தான் வரும். வெருகலாறும் அதே மகாவலியின் கிளைதான். நவம்பர் 30 அன்று மாவிலாற்றுக் கட்டு உடைந்ததும் இந்தத் தண்ணீரால்தான்.

ஆகவே மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்று, சேருவில ஆட்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். மன்னம்பிட்டியைப் பாருங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் அங்கே ஆற்று மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. அங்கே ஏறுகிற தண்ணீர் உடனே உங்கள் வாசலுக்கு வந்துவிடாது. அந்த இடைவெளியில் நெல் மூட்டையையும் மாட்டையும் மேட்டுக்கு ஏற்றிவிடலாம்.

நிலாவெளி: இன்னொரு புயல் வருமா?

ஒரு வாரத்துக்கு அப்பால் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பருவம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வடகீழ் பருவப்பெயர்ச்சி மழை டிசம்பரில் தொடங்கி பெப்ரவரி வரைக்கும் போகும். 2011 இல் கிழக்கு மாகாணம் முழுகியது ஜனவரியிலும் பெப்ரவரியிலும். இப்படி ஒரு புயலுக்குப் பிறகு நிலம் ஊறிக் கிடக்கும், குளங்களும் நிறைந்திருக்கும். முன்பு 150 மில்லிமீற்றருக்கு வந்த வெள்ளம் இனி அதைவிடக் குறைந்த மழைக்கே வரலாம். புயல்தான் வர வேண்டும் என்றில்லை, ஒரு சாதாரண தாழமுக்கம் போதும்.

உப்புவெளி: லாநினா என்பதால்தானே இவ்வளவு மழை?

இல்லை. இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையைக் கூட்டுவது பெரும்பாலும் எல்நினோ, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழமையைவிடச் சூடாகிற நிலை. அந்தக் கடல் வழமையைவிடக் குளிர்கிற லாநினா அந்த மாதங்களில் குறைக்கிற பக்கம்தான் நிற்கும், தை பிறந்த பிறகுதான் கூட்டும். இதெல்லாம் பல வருடச் சராசரிக் கணக்கு. நடுவில் ஒரு புயல் வந்தால் சராசரி என்ன செய்யும்?

திருகோணமலை நகர்: கோணேசர் மலை இருக்கும்வரை புயல் நம்மை விட்டு விலகிப் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதானே ஐயா?

கோணேசரைக் கும்பிடுகிறவன்தான் நானும். ஆனால் சுவாமி மலை என்கிற அந்தக் கோணேசர் மலையின் உயரம் சில நூறு அடிதான். புயல் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்துக்கு எழும்பும், அகலம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். பாதையில் கிடக்கிற கல்லைப் பார்த்து யானை விலகுமா?

அதே வாசகர்: அப்படியென்றால் ஏன் ஒவ்வொரு முறையும் மட்டக்களப்புக்கோ தமிழ்நாட்டுக்கோதான் போகிறது?

ஒவ்வொரு முறையும் இல்லை. 1964 டிசம்பர் 22, 23 புயலை உங்கள் பெரியவர்களிடமே கேட்டுப் பாருங்கள். தனுஷ்கோடியை அழித்த அதே புயல் நமது நகரத்தையும் குதறிவிட்டுத்தான் போனது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் கரை ஏறியது குச்சவெளி, திரியாய்ப் பக்கம். வங்காள விரிகுடாப் புயல்களில் அதிகமானவை வடக்கே வளைந்து ஆந்திரா, ஒடிசா பக்கம் போகும். நமக்குக் குறைவாக வருவதற்குக் காரணம் அதுதான்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர் நடுவில் புகுந்து: சேர், 1964 இல் எங்கள் வாப்பா மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு தப்பியவர். மலை காப்பாற்றாது என்று அவருக்குத் தெரியும்.

நானா, வாப்பா சொன்னதை எழுதி வைத்துவிடுங்கள். எந்தப் பக்கம் காற்று முதலில் அடித்தது, எப்போது திரும்பியது என்பதையும் சேர்த்து. மலைக்கட்சிக்கு ஒரு ஆறுதல் தருகிறேன்: கரைக்குப் பக்கத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால் நமக்குப் புயல் அலையேற்றம், அதாவது காற்று கடல்நீரைக் கரைமேல் தள்ளுவது, ஆழமில்லாத கரைகளைப் போல உயராது. காற்றுக்கும் மழைக்கும் அந்தச் சலுகை கிடையாது. இந்த விவாதத்தில் இன்னும் பதினொரு கடிதம் வந்தது. போதும்.

கந்தளாய்: வான்கதவு திறந்தார்கள், குளம் உடைந்துவிடும் என்று வட்ஸ்அப்பில் வருகிறது.

வான்கதவு என்பது குளத்தில் மிஞ்சும் நீரை வெளியே விடுகிற கதவு. அதைத் திறப்பது கட்டு உடையாமல் இருப்பதற்காக. கந்தளாய்க் குளம் உடைந்தது 1986 ஏப்ரல் 20 விடியற்காலை, வெள்ளக் காலமே இல்லாத சித்திரை மாதத்தில். கட்டின் வெளிப்பக்கச் சரிவில் புதிதாக ஈரமோ, கலங்கிய ஊற்றோ கண்டால் படம் எடுத்துப் போடுவதை விட்டுவிட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ சொல்லுங்கள்.

சாம்பல்தீவு: இன்னொரு புயல் வருமா?

மேலே பாருங்கள்.

கிண்ணியா: கிணற்றில் வெள்ளம் இறங்கிவிட்டது. இறைத்தால் போதுமா?

போதாது. இறைத்துக் குளோரின் போட வேண்டும். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். வயலில் வெள்ளத்துக்குள் நின்று காய்ச்சல் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

தம்பலகாமம்: பயிர் அழுகிவிட்டது, திரும்ப விதைக்கலாமா?

என் துறை இல்லை. கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

நகரம்: போனில் 80 வீதம் மழை என்றது. ஒரு துளி இல்லை.

எண்பது வீதம் என்றால் மீதி இருபதும் இருக்கிறதே, மகள். மழை கொட்டும் என்றோ நாள் முழுக்கப் பெய்யும் என்றோ அது சொல்லவில்லை. எவ்வளவு மழை என்பதைத் திணைக்கள அறிக்கையில் பாருங்கள். 100 மில்லிமீற்றருக்கு மேல் என்று சொன்னால் கவனிக்க வேண்டும்.

புல்மோட்டை: கடல் அமைதியாகத்தான் இருக்கிறது. வள்ளம் இறக்கலாமா?

எச்சரிக்கையை விலக்கும்வரை இறக்காதீர்கள். வாடைக் காலத்துக் கடல் காலையில் ஒரு முகம், மத்தியானம் இன்னொரு முகம்.

மூன்று பேர், மூன்று ஊர்: புயல் வருமா சேர்?

மன்னம்பிட்டியைப் பாருங்கள்.

கிண்ணியாப் பாடசாலை மாணவி: நானும் மழை அளக்கலாமா?

தாராளமாக. நேரான பக்கங்கள் உள்ள தகரப் பேணி ஒன்று, அடிமட்டம் ஒன்று போதும். கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி, திறந்த வெளியில், சரியாமல் இருக்க இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வையுங்கள். காலை எட்டரைக்கு ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து, எழுதி, கவிழ்த்துவிட வேண்டும். உள்ளே தவளை இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். என் கொப்பியில் அப்படி இரண்டு நாள் கெட்டுப்போயிருக்கிறது. ஒரு மாதக் கணக்கை அனுப்புங்கள், உப்புவெளியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.