சீனியர் ஆபீஸா, ஜட்ஜ் சேம்பரா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. எங்கள் குடும்பத்தில் கறுப்பு கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம். மதுரையில் சிவில் வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் பத்து மாதமாக ஜூனியராக இருக்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு உதவியாக இருக்கும் ரிசர்ச் லா அசிஸ்டெண்ட் வேலைக்கு விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. சீனியரோ, "ஒரு வருஷம் கோர்ட்டில் முகம் காட்டாவிட்டால் கட்சிக்காரன் மறந்துவிடுவான். எழுத்து வேலை பார்க்கவா லா படித்தாய்?" என்கிறார். "பெர்மனென்ட் இல்லாத வேலைக்கு எதற்குச் சென்னை?" என்பது அப்பாவின் கேள்வி. சிவில் ஜட்ஜ் ஆக வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் என் இங்கிலீஷை நினைத்தால் பயமாக இருக்கிறது. போகட்டுமா, வேண்டாமா?
– பெயர் வெளியிட வேண்டாம், மதுரை.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போங்கள். யோசிக்காமல் போங்கள் என்று சொல்லமாட்டேன், யோசித்துவிட்டே போங்கள்.

முதலில் உங்கள் ஆசையைப் பற்றிப் பேசிவிடலாம், அதில்தான் உடனடியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத மூன்று வருடம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2002-இல் எடுத்துவிட்டது. 2025 மே 20-ஆம் தேதி தீர்ப்பில் அதே நிபந்தனையை மறுபடியும் கொண்டுவந்தது. அந்தத் தீர்ப்பிலேயே, நீதிபதிகளிடம் லா கிளார்க்காக, அதாவது உங்களுக்குக் கிடைத்திருப்பது போன்ற உதவியாளர் வேலையில், இருந்த காலத்தையும் அந்த மூன்று வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே, சேம்பரில் (நீதிபதியின் அலுவலக அறையில்) இருக்கும் வருடம் வீணாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். தேர்வு அறிவிப்பு வரும்போது அதில் என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்று வரிவிடாமல் படியுங்கள். சேம்பரை விட்டு வெளியே வரும் நாளிலேயே அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து, அந்த நீதிபதி ஓய்வு பெற்ற பிறகு, அதற்காக அலைய வேண்டியிருக்கக் கூடாது.

பார் கவுன்சிலிலும் ஒரு வேலை இருக்கிறது. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது விதி. நியமன உத்தரவில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, சன்னதை (வக்கீலாகப் பதிவு செய்த உரிமத்தை) நிறுத்தி வைக்க வேண்டுமா என்று பார் கவுன்சிலில் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். அகில இந்திய பார் தேர்வை இன்னும் எழுதவில்லை என்றால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் சீனியர் சொன்னது. அவர் சொல்வதில் பாதி சரி. சேம்பரில் கட்சிக்காரர் வரமாட்டார். குறுக்கு விசாரணை செய்யப் பழக முடியாது. குறை சொல்லித் திருப்பி அனுப்பிய வழக்குக்கு மறுபடி நம்பர் வாங்க ஃபைலிங் செக்ஷனில் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் சீனியர் ஆபீஸில்தான் வரும். இந்த ஒரு வருடத்தோடு அந்தப் பயிற்சி முடிந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. வெளியே வந்ததும் விசாரணை நீதிமன்றத்துக்குத்தான் திரும்ப வேண்டும். ஆனால் பத்து மாத ஜூனியருக்குச் சொந்தக் கட்சிக்காரர் எத்தனை பேர்? மறப்பதற்கு முதலில் ஆள் வேண்டுமே. இப்போது போய் வருவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை குறைவு. ஐந்து வருடம் கழித்து என்றால் இந்தப் பதிலை நானே மாற்றி எழுதியிருப்பேன்.

அப்பாவிடம் கணக்கைச் சொல்லுங்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். நியமன உத்தரவில் போட்டிருக்கும் தொகையையும் சென்னை ஹாஸ்டல் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டுங்கள். கண்டக்டராக இருந்தவர், சில்லறைக் கணக்கு சட்டென்று புரியும்.

சரி, சேம்பரில் என்ன வேலை? மறுநாள் விசாரிக்கப்படும் வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்ட் முந்தின நாள் சாயந்திரம் வரும். அதில் புதிதாக வரும் வழக்குகளின் காகிதக் கட்டுகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதித் தர வேண்டும். யார், யாருக்கு எதிராக, என்ன கேட்கிறார்கள், கீழ்க் கோர்ட் என்ன சொன்னது, இன்றைக்கு முடிவு செய்ய வேண்டிய கேள்வி எது. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட வழக்குகளில் இரண்டு தரப்பும் காட்டிய முன்தீர்ப்புகளைச் சரிபார்க்க வேண்டும். எழுதிய தீர்ப்பில் தேதியும் பெயரும் சர்வே நம்பரும் சரியாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். நீதிபதிகளுக்கு ஒதுக்கப்படும் வழக்கு வகைகள் அவ்வப்போது மாறும். இன்றைக்கு ரிட் மனுக்கள், சில மாதம் கழித்து இரண்டாம் மேல்முறையீடுகள், அப்புறம் ஜாமீன் என்று வரும். ஒரே சீனியரிடம் பத்து வருடம் இருந்தாலும் கிடைக்காத அகலம் அது.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 2007-இல் டெல்லியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் நான் லா கிளார்க்காக இருந்தேன். திங்கட்கிழமைகளில் புது மனுக்கள் வரிசையாக வரும், அறுபது எழுபது இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர் வீட்டு ஆபீஸில் உட்கார்ந்து குறிப்புகளைப் பற்றிப் பேசுவோம். ஒரு நில எடுப்பு வழக்கில், "இந்தக் கேள்வி ஏற்கெனவே முடிவானதுதான்" என்று எழுதி, பழைய தீர்ப்பு ஒன்றிலிருந்து நாலு வரி எடுத்துப் போட்டிருந்தேன். எனக்கு அதில் ஒரே பெருமை. அவர் படித்துவிட்டு, "எந்தப் பாரா?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். நான் எடுத்த நாலு வரி, ஒரு வக்கீலின் வாதத்தை நீதிமன்றம் பதிவு செய்த இடம். இரண்டு பக்கம் தள்ளி அதே வாதத்தை நிராகரித்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. என் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் "வாதம். தீர்ப்பு அல்ல" என்ற பொருளில் மூன்றே சொல் எழுதி, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அடுத்த கட்டை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து, தீர்ப்பின் தலையில் அச்சிடும் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் நம்பி ஒரு தீர்ப்பையும் நான் மேற்கோள் காட்டியதில்லை. இன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரு தீர்ப்பை வாசித்தால், அது வாதமா, தீர்ப்பா, மாறுபட்ட நீதிபதியின் கருத்தா என்று கை தானாகப் பின்பக்கம் புரட்டுகிறது. இதை ஒரு வழக்கில் தோற்று, கட்சிக்காரரை நஷ்டப்படுத்திக் கற்றிருக்க வேண்டியவள் நான். ஒரு பென்சில் வரியில் கிடைத்தது.

இந்த வேலையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். ஆபீஸில் நம் பக்கத்துக் கட்டை மட்டும்தான் நம் கண்ணால் படிக்கிறோம். எதிர்த்தரப்புக் கட்டைச் சந்தேகக் கண்ணோடு படிக்கிறோம். சேம்பரில் இரண்டையும் ஒரே கண்ணால் படிக்க வேண்டியிருக்கிறது. மனுவில் எந்தப் பக்கத்தில் நீதிபதிக்கு அலுப்புத் தட்டுகிறது, எந்த வாசகத்தைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விடுகிறது, எந்த ஆவணத்தை முதலில் தேடுகிறார் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். நாற்பது பக்க மனுவில் தேதி வரிசை ஒரு பக்கத்தில் ஒழுங்காக இருந்தால் அந்த வக்கீலின் வழக்கு பாதி தூரம் வந்துவிட்டது என்று அங்கேதான் புரிந்துகொண்டேன்.

இங்கிலீஷ் பயத்துக்கு வருகிறேன். உயர் நீதிமன்ற மொழி இங்கிலீஷ்தான், அதில் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் சேம்பர் குறிப்புக்கு அலங்கார இங்கிலீஷ் தேவையே இல்லை. சின்ன வாக்கியம், சரியான தேதி, பக்க எண், அவ்வளவுதான். தினமும் நல்ல தீர்ப்பு ஒன்றைப் படித்து, அதன் முதல் ஐந்து பாராவை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். மூன்று மாதத்தில் கை பழகிவிடும்.

உங்களிடம் இருக்கும் பலத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. இரண்டாம் மேல்முறையீட்டுக் கட்டைத் திறந்தால் உள்ளே சாட்சியம் தமிழில் இருக்கும், பத்திரங்கள் தமிழில் இருக்கும். ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய பத்திரத்தில் 'மேற்படி' என்பதற்கு ௸ என்ற குறிதான் இருக்கும். அதை வாசிக்கத் தெரியாமல் விழிக்கும் நல்ல மதிப்பெண்காரர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே கிரயப் பத்திரம் என்று தலைப்பு போட்டிருக்கும். மூன்றாம் பக்கத்தில், 'ஐந்து வருஷத்துக்குள் ௸ தொகையைச் செலுத்தினால் சொத்தைத் திருப்பிக் கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்த வரி அதே பத்திரத்துக்குள் இருந்தால் அது அடமானமா, கிரயமா என்ற கேள்வி எழும். தனிப் பத்திரத்தில் இருந்தால் சொத்து மாற்றுச் சட்டம் 58(சி) பிரிவின்படி அடமானம் என்று சொல்லவே முடியாது. ஒரு குடும்பத்தின் நிலம் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. கோர்ட்டில் கொடுக்கும் டைப் அடித்த ஆவணத் தொகுப்பில் (டைப்டு செட்) இருக்கும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் அந்த வரி அரைகுறையாகவோ விடுபட்டோ போயிருக்கலாம். அந்த நேரத்தில் மூலப் பத்திரத்தைத் தமிழில் உட்கார்ந்து படிக்கிற ஆள் சேம்பரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! மதுரையில் சிவில் ஆபீஸில் பத்து மாதம் இருந்த உங்களுக்கு ஒத்தி, போக்கியம், அனுபோகம், நான்கெல்லை என்ற பத்திரச் சொற்கள் எல்லாம் அன்றாடப் பேச்சு. தயவுசெய்து அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

அடுத்தது, நான் கண்டிப்போடு சொல்ல வேண்டிய ஒன்று. நீங்கள் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு போன் வரும். தெரிந்தவர்தான் பேசுவார். "தீர்ப்பு என்ன என்று கேட்கவில்லை, என்றைக்கு வரும் என்று மட்டும் சொல்லும்மா" என்பார். அந்த 'மட்டும்' பெரிய ஆபத்து. "சேம்பர் விஷயம் எதையும் நான் பேசுவதில்லை அண்ணே, காஸ் லிஸ்டில் வரும், பாருங்கள்" என்ற ஒரே வாக்கியத்தை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஹாஸ்டல் தோழியிடமும், அப்பாவிடமும், நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடமும் அதே வாக்கியம்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சேம்பர் படம் வேண்டாம். வரைவுத் தீர்ப்பை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டாம். சாட்ஜிபிடியில் போட்டுச் சுருக்கித் தரச் சொல்லவே வேண்டாம். இல்லாத தீர்ப்பை இருப்பதுபோல் அது எழுதித் தரும் என்பது ஒரு பக்கம், வெளியே போகக் கூடாத தாள் வெளியே போய்விட்டது என்பது இன்னொரு பக்கம். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், முடிவெடுக்கவும் தீர்ப்பு எழுதவும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு எழுத்திலேயே கொள்கை வகுத்துவிட்டது.

உங்கள் சீனியர் ஆபீஸில் நீங்கள் தொட்ட வழக்குகள் மேல்முறையீட்டில் அதே நீதிபதி முன் வரக்கூடும். சேர்ந்த முதல் நாளே அந்த வழக்குகளின் பட்டியலை எழுதி நீதிபதியிடம் கொடுத்து, இவற்றின் கட்டுகள் என்னிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகு சொல்வதைவிட, கேட்பதற்கு முன்பே சொல்வதில்தான் நம்பிக்கை வளரும்.

நீதிபதியோடு கருத்து மாறுபடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்த நாள் வரும். பக்க எண்ணைக் காட்டி ஒருமுறை சொல்லுங்கள். நல்ல நீதிபதிகள் அதற்காகத்தான் இளம் ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் முடிவு அவருடையது, கையெழுத்தும் அவருடையது. அவர் எழுதிய தீர்ப்பில் உங்கள் வரி ஒன்று அப்படியே வந்தாலும், அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தச் சந்தோஷத்தைத் தனியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எல்லா சேம்பரும் ஒரே மாதிரி இருக்காது. சில இடத்தில் பிழை திருத்துவதும் பிரிண்ட் எடுப்பதுமாகவே நாள் போகலாம். அப்படி இருந்தால் அனுமதி கேட்டு, நேரம் கிடைக்கும்போதெல்லாம் கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்காருங்கள். முந்தின நாள் நீங்கள் படித்த வழக்கை வக்கீல் எப்படிச் சொல்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சேம்பரில் இருக்கும் தனிச்செயலரிடமும், நீதிபதியின் பணியாளரான தபேதாரிடமும் மரியாதையாக இருங்கள். எந்தக் கட்டு எங்கே இருக்கிறது, ஐயா எந்த நேரத்தில் பேசுவார், எப்போது பேசக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

உங்கள் சீனியரிடம் போனில் சொல்லாதீர்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் கோபத்தில் பேசினாலும் உங்களை விட மனமில்லாமல்தான் பேசுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்து மாதத்தில் கட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தானே. உங்கள் பொறுப்பில் இருக்கும் வழக்குகளுக்கு அடுத்த வாய்தா என்றைக்கு, எந்த வழக்கில் பிரமாணப் பத்திரம் பாக்கி, எந்தக் கட்சிக்காரரிடம் பத்திரம் வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த ஜூனியரோடு ஒருநாள் உட்கார்ந்து கட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பிறகு சென்னைக்கு டிக்கெட் எடுங்கள்.