சாம்பியன் அணி இரண்டாம் பிரிவுக்குப் போனால் ஜெயிப்பது சுலபம்தானே? இத்தாலியக் கால்பந்து அணி யுவென்டஸின் 2006-07 சீசன் எப்படி இருந்தது?

முடிவை மட்டும் பார்த்தால் சுலபம்தான். 42 ஆட்டங்கள், 28 வெற்றி, 10 சமன், நாலே தோல்வி, முதலிடம். ஆனால் வெற்றிக்கு 3, சமனுக்கு 1 என்று புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் 94 வரவேண்டிய இடத்தில் பட்டியலில் 85 என்று நிற்கும். அந்த 9 புள்ளி எங்கே போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. (யுவென்டஸின் முன்கள ஆட்டக்காரர் டெல் பியரோவின் ரசிகன் எழுதுகிற பதில் இது. கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.)

பின்னணி சுருக்கமாக. நடுவர்களை நியமிப்பதில் கிளப் நிர்வாகிகள் தலையிட்டார்கள் என்று 2006-ல் இத்தாலியில் வெடித்ததுதான் கால்சியோபோலி விவகாரம். மிலான், லாட்ஸியோ, ஃபியோரென்டினா என்று பல அணிகள் மாட்டின. மேல்முறையீட்டுக்குப் பிறகு மற்றவர்கள் முதல் பிரிவான சீரி ஏ-யிலேயே தங்கிவிட்டார்கள். யுவென்டஸ் மட்டும் கீழே போனது. முந்தைய இரண்டு சீசன் பட்டங்களும் பறிபோயின.

அந்த ஜூலை மாதத்தை நினைத்தால் இன்றும் நம்பமுடியவில்லை. 9-ம் தேதி பெர்லினில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இத்தாலிக்கு புஃபோன், கன்னவாரோ, சம்ப்ரோட்டா, கமோரனேசி, டெல் பியரோ. எதிரே பிரான்ஸுக்கு துராம், வியெரா, ட்ரெசெகே. எட்டுப் பேருமே யுவென்டஸ் ஆட்டக்காரர்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, 14-ம் தேதி வந்த தீர்ப்பு: இரண்டாம் பிரிவான சீரி பி, கூடவே 30 புள்ளி கழிவு.

பயிற்சியாளர் கபெல்லோ ஏற்கெனவே ரியல் மாட்ரிட் போய்விட்டார். கன்னவாரோவும் எமர்சனும் அவர் பின்னாலேயே போனார்கள். சம்ப்ரோட்டா, துராம் பார்சிலோனாவுக்கு. இப்ராஹிமோவிச்சும் வியெராவும் பரம எதிரியான இன்டருக்குப் போனதுதான் ரசிகர்களுக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது மாதிரி. பறிக்கப்பட்ட 2005-06 பட்டமும் அதே இன்டருக்குத்தான் போனது. புஃபோன், டெல் பியரோ, நெட்வெட், ட்ரெசெகே, கமோரனேசி ஐவரும் தங்கினார்கள். புதிய பயிற்சியாளர், முன்னாள் யுவென்டஸ் ஆட்டக்காரர் திதியே டெஷாம்ப்.

இப்போது அந்தக் கணக்கு. மேல்முறையீட்டில் 30 என்பது 17 ஆனது. அக்டோபர் கடைசியில் 9 ஆனது. அதாவது சீசன் தொடங்கும்போது அணி மைனஸ் 17-ல் நின்றது. செப்டம்பர் 9, சனிக்கிழமை, ரிமினியில் முதல் ஆட்டம். சீரி பி ஆட்டங்கள் அப்போது பெரும்பாலும் சனிக்கிழமைதான். ஞாயிறு ஆட்டத்துக்குப் பழகியவர்களுக்கு அதுவே உறுத்தியது. யுவென்டஸுக்கு பாரோ கோல் போட்டார், ரிமினிக்கு ரிக்கியூட்டி சமன் செய்தார், 1-1. உலகக் கோப்பையைத் தூக்கிய கோல்கீப்பர் புஃபோன் ஒரு சின்ன ஊர் மைதானத்தில் நின்று சம்பாதித்துக் கொடுத்தது ஒரு புள்ளி. மைனஸ் 17 மைனஸ் 16 ஆனது. பழைய யுவென்டஸுக்கு வெளியூர் ஆட்டம் ஒன்று சமனில் முடிந்தால் பெரிய நஷ்டமில்லை. இங்கே ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால்தான் பூஜ்யத்தைத் தாண்டமுடியும் என்கிற நிலைமை.

'தண்டனை 9 ஆகக் குறைந்ததும் எல்லாம் முடிந்தது' என்பவர்கள் கடைசிப் பட்டியலை ஒருமுறை பார்க்கவேண்டும். யுவென்டஸ் 85, நாப்போலி 79, ஜெனோவா 78, பியாசென்சா 68. மூன்றாவது அணிக்கும் நான்காவது அணிக்கும் இடையே 10 புள்ளியாவது வித்தியாசம் இருந்தால் பிளே-ஆஃப் (மேலே போக ஆடும் கூடுதல் ஆட்டங்கள்) கிடையாது, மூன்று அணிகளும் நேராக மேலே என்பது அன்றைய விதி. ஜெனோவாவுக்கு அந்த 10 சரியாக அமைந்தது. இப்போது யுவென்டஸின் கழிவு 17-ஆகவே இருந்திருந்தால்? 94-ல் 17 போனால் 77. ஜெனோவாவுக்கு ஒன்று கீழே, மூன்றாமிடம். பியாசென்சாவோடு வித்தியாசம் 9. இத்தனை வெற்றிக்குப் பிறகும் பிளே-ஆஃப் வாசலில் நின்றிருப்பார்கள். மேலே போவது உறுதியான பிறகு கடைசி ஆட்டங்களைத் தளர்வாக ஆடினார்கள், அதனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 'நடந்து போய் ஜெயித்தார்கள்' என்ற பேச்சுக்கு இது போதும்.

களத்திலும் எல்லாம் சீராகப் போகவில்லை. டிசம்பரில் ஜெனோவாவுடன் 1-1. அந்த ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட நெட்வெட்டுக்கு நடுவரின் காலை மிதித்ததாக ஐந்து ஆட்டத் தடை. 2003-ல் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது வாங்கியவர்! அதே மாதம் வினோவோ பயிற்சி மைதானத்தில் இருக்கும் குளத்தில் இளையோர் அணி வீரர்கள் இருவர் மூழ்கி இறந்தார்கள். அந்த வாரம் ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜனவரியில் மான்டோவாவில் 0-1, சீசனின் முதல் தோல்வி.

டெல் பியரோ 20 கோல் போட்டு அந்தப் பிரிவின் முதல் கோலாளர் ஆனார். கிளப்புக்காக அவருடைய 200-வது கோல் வந்தது ஃப்ரோசினோனேக்கு எதிராக. அடுத்த வருஷமே சீரி ஏ-யிலும் 21 கோலோடு முதலிடம். சீரி பி-யில் 'சும்மா' அடித்தார் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

2007 மே 19, அரெட்ஸோவை அவர்கள் ஊரிலேயே 5-1 என்று நொறுக்கியதும் சீரி ஏ உறுதியானது. அரெட்ஸோவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? முன்னாள் யுவென்டஸ் கேப்டன் அன்டோனியோ கோன்டே. கடைசி ஆட்டத்தில் யுவென்டஸ் ஸ்பெசியாவிடம் 2-3 என்று தோற்றது. அந்த முடிவால் ஸ்பெசியா நேரடி இறக்கத்திலிருந்து தப்பித்து அரெட்ஸோ மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. பழைய அணியே இரண்டு கையாலும் கொடுத்த அடி. அதே கோன்டே 2011-ல் யுவென்டஸுக்கே பயிற்சியாளராக வந்து தொடர்ந்து மூன்று பட்டம் வாங்கிக்கொடுத்தார். டெஷாம்ப் கடைசி ஆட்டம்வரைகூட இருக்கவில்லை. நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் விலகிவிட்டார்.

லாபம் என்றால் பையன்கள்தான். மார்கிசியோ, ஜொவின்கோ முதல் அணிக்குள் வந்தது இந்த வருஷம். கியெல்லினி இடது ஓரத்திலிருந்து நடுத் தற்காப்புக்கு நகர்ந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஆனால் இதை வைத்து 'பெரிய அணி எது இறங்கினாலும் ஒரே வருஷத்தில் ஏறிவிடும்' என்று முடிவுகட்டாதீர்கள். யுவென்டஸ் களத்தில் தோற்று இறங்கிய அணி அல்ல, அதற்கு முந்தைய சீசனில் 91 புள்ளி எடுத்த அணி. களத்தில் தோற்று இறங்குகிற அணி அந்தத் தோல்விப் பழக்கத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். 2018-ல் இறங்கிய ஹாம்பர்க் ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவுக்குத் திரும்ப 2025 ஆகிவிட்டது. அப்படி இறங்கியும் ஒரே வருஷத்தில் ஏறியவர்கள் உண்டு: அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட், 2011-ல் இறங்கி 2012-ல் முதலிடத்தோடு மேலே வந்தது. அதை உறுதி செய்த கடைசி ஆட்டத்தின் இரண்டு கோல்களையும் போட்டவர், பாதி சீசனில் அங்கே போய்ச் சேர்ந்த ட்ரெசெகே.