இலைச்சாற்றில் இரும்பு நானோ துகள்: கேள்வி பதில்

கே: கொய்யா இலைச் சாற்றை ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊற்றியதும் கறுத்துவிட்டது. இரும்பு நானோ துகள் வந்துவிட்டதா சார்?

ப: கறுப்பு வந்திருக்கிறது. இரும்பு வந்ததா என்பது வேறு விஷயம். கடுக்காயையும் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) சேர்த்து மை காய்ச்சினார்களே, அதுவும் கறுப்புதான். இலையிலுள்ள பாலிபீனால் (துவர்ப்புத் தரும் தாவரப் பொருள்) ஃபெரிக் அயனியைப் (Fe³⁺) பற்றிக்கொண்டால் நிறம் உடனே ஏறும். இலைச்சாற்றில் வெள்ளி அயனி உலோகத் துகளாவதுபோல் இதிலும் நடக்கும் என்று நம்பாதீர்கள். வெள்ளி அயனி உலோகமாக மாறும் மின்னழுத்தம் +0.80 வோல்ட், ஃபெரிக் ஃபெரஸாக (Fe²⁺) மாற +0.77; எண் இறங்க இறங்க மாற்றுவது கடினம். அதுவரை இலைச்சாற்றால் முடியும். ஃபெரஸ் உலோக இரும்பாக −0.44, அங்கேதான் முட்டிக்கொள்ளும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுங்கள். செப்பு எக்ஸ்-கதிரில் 44.7 பாகை அருகே உச்சம் இல்லையென்றால் ஆய்வேட்டில் ‘உலோக இரும்பு’ என்று எழுதாதீர்கள். இலைச்சாறு மட்டும், உப்பு மட்டும் வைத்தும் சோதனை செய்யுங்கள்.

கே: 0.1 மோலார், 100 மி.லி.க்கு எவ்வளவு ஃபெரிக் குளோரைடு உப்பு?

ப: லேபிளைப் பாருங்கள். ஹெக்ஸாஹைட்ரேட் (ஆறு நீர் மூலக்கூறு சேர்ந்தது) என்றால் 2.7 கிராம், நீரற்றது என்றால் 1.62.

கே: முருங்கை இலையிலும் கறுத்தது, அது இரும்புதானே?

ப: முதல் பதில்தான் இதற்கும்.

கே: வேப்பிலை?

ப: இலையை மாற்றினால் பதில் மாறாது.

கே: 2009இலேயே தேயிலை பாலிபீனாலில் பூச்சிய இணைதிறன் இரும்பு (உலோக இரும்பு) செய்து சாயத்தைச் சிதைத்ததாகக் கட்டுரை வந்திருக்கிறதே! எல்லாரும் தவறா?

ப: வந்தது, படித்திருக்கிறேன். ப்ரோமோதைமால் ப்ளூ சாயத்தை ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துத்தான் சிதைத்தார்கள். அதற்கு உலோக இரும்பு கட்டாயமில்லை. ஃபெரஸ் அயனியும் பெராக்சைடும் போதும், சாயத்தைச் சிதைக்கும் ஃபென்டன் வினை நடக்கும். சாயம் போனதை மட்டும் சாட்சியாகக் கொள்ள முடியாது.

கே: (அவரே) பெராக்சைடு இல்லாமலே என் மெத்திலீன் ப்ளூ சாயம் வெளுத்ததே?

ப: சாயம் துகளில் ஒட்டியிருக்கும். வடிகட்டி எத்தனாலில் கழுவுங்கள். நீலம் இறங்கினால் சாயம் சிதையவில்லை. இலைச்சாறு மட்டும், உப்பு மட்டும் வைத்துப் பார்த்தீர்களா?

கே: (அவரே) இல்லை. அப்போது இதை என்னவென்று எழுதுவது?

ப: இரும்பு–பாலிபீனால் துகள் என்று எழுதுங்கள். சாயக்கழிவு நீருக்கு அதுவும் உதவும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கே: ரத்தசோகைக்குக் குடிக்கலாமா?

ப: கூடாது. மருத்துவரைப் பாருங்கள்.

கே: யூவி (ஒளி உறிஞ்சல்) சோதனையில் 420 நானோமீட்டர் பக்கம் உச்சம் வரவில்லையே?

ப: அது வெள்ளிக்கு வரும். இரும்பில் அதைத் தேடாதீர்கள்.

கே: என் துகளைக் காந்தம் இழுக்கிறது சார்!

ப: காரம் ஏதாவது சேர்த்தீர்களா? ஃபெரஸ் உப்பும் இருந்ததா? இருந்தால் அது மாக்னடைட்டாக (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு) இருக்கலாம். எக்ஸ்ஆர்டி எடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.