கடைசி விநாடி விசிலும் வர்ணனையாளர் சொல்லும்: பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து கேள்வி-பதில்

அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஃபவுல் தீர்ப்புகளையும், அவற்றைப் பற்றி வர்ணனையாளர்கள் பேசும் முறையையும் சார்ந்தவை. ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: 2024 தேசியக் கல்லூரிப் பட்டப் போட்டியின் (என்சிஏஏ) அரையிறுதியில் கனெடிகட் அணியின் ஆலியா எட்வர்ட்ஸ் மீது கொடுக்கப்பட்ட ஃபவுல் நியாயமானதா? அந்த ஒரு விசில் ஆட்டத்தையே பறித்துவிட்டது என்று இன்றும் சொல்கிறார்களே?

2024 ஏப்ரல் 5 அன்று கிளீவ்லாண்டில் நடந்த அந்த ஆட்டத்தில், 3.9 விநாடிகள் மீதமிருந்தபோது அயோவா 70, கனெடிகட் 69 என்ற நிலையில் பந்து கனெடிகட்டிடம் இருந்தது. சக வீராங்கனை பெய்ஜ் பூக்கர்ஸை விடுவிப்பதற்காக எட்வர்ட்ஸ் ஸ்கிரீன் போட (தடுப்பவரின் வழியில் நின்று மறைக்க) வந்தார். பூக்கர்ஸைத் துரத்திக்கொண்டு வந்த அயோவாவின் கேபி மார்ஷல் எட்வர்ட்ஸ் மீது மோதினார். நடுவர் விசில் ஊதி, தாக்கும் அணி மீதே ஃபவுல் கொடுத்தார். பந்து அயோவாவுக்குப் போனது, ஆட்டம் 71-69 என்று முடிந்தது.

விதி கேட்பது இதுதான்: ஸ்கிரீன் போடுபவர் மோதல் நடக்கும் கணத்தில் அசையாமல் நின்றிருக்க வேண்டும், கால்கள் ஏறத்தாழத் தோள் அகலத்துக்குள் இருக்க வேண்டும், உடலும் கைகளும் தன் நேர்மேல் இடத்தைத் தாண்டி வெளியே நீளக் கூடாது, ஓடிவரும் எதிராளிக்கு நிற்கவோ விலகவோ ஓரிரு எட்டு இடைவெளி தர வேண்டும். ஒளிப்பதிவை இயல்பான வேகத்தில் பார்த்தால், எட்வர்ட்ஸ் இன்னும் முழுதாக ஊன்றி நிற்காத நிலையில், மார்ஷல் வரும் பக்கமாக உடலைச் சாய்ப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அது ஃபவுல்தான் என்பது என் முடிவு. எட்வர்ட்ஸ் தம் பார்வையில் அது சரியான ஸ்கிரீனாகவே இருந்தது என்றார். உள்ளே நின்று ஆடியவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

கனெடிகட் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா எழுப்பிய குறை வேறு வகையானது. இத்தகைய ஸ்கிரீன் ஃபவுலை ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலிலும் கொடுக்க முடியும் என்ற பொருளில் அவர் பேசினார். அது உண்மைதான். அதனால், 'அது ஃபவுலா' என்ற கேள்வியை விட, 'அதே அளவு அசைவை முதல் மூன்று கால்பகுதிகளிலும் இதே நடுவர்கள் எப்படி அணுகினார்கள்' என்ற கேள்விக்கே எடை அதிகம். முன்பு அனுமதித்ததைக் கடைசியில் தண்டித்திருந்தால் வீராங்கனைகள் முறையிடலாம். முன்பும் தண்டித்திருந்தால் முறையீட்டுக்கு இடமில்லை. இந்த ஒப்பீட்டைச் செய்ய முழு ஆட்டத்தையும் ஸ்கிரீன்களை மட்டும் கவனித்து மறுபடி பார்க்க வேண்டும்; சமூக ஊடகத்தில் சுற்றிய பத்து விநாடித் துண்டு அதற்குப் போதாது. அந்த இரவில் என்னை மிகவும் கவர்ந்தது பூக்கர்ஸின் நிதானம். எந்த ஒரு நிகழ்வும் தனியாக ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை என்று, தோற்ற சற்று நேரத்திலேயே அவர் சொன்னார்.

கேள்வி: "கடைசி நிமிடத்தில் ஆட்டத்தை வீராங்கனைகளே முடிக்கட்டும், நடுவர் தலையிடக் கூடாது" என்று வர்ணனையாளர்கள் சொல்வதை ஏற்கிறீர்களா?

ஏற்கவில்லை. ஊதாமல் விடுவதும் ஒரு தீர்ப்புதான். அசையும் ஸ்கிரீன் ஒன்றை நடுவர் கண்டும் காணாமல் விட்டால், தடுப்பவர் நேர்மையாகச் சம்பாதித்த ஓரடி இடத்தை அவரிடமிருந்து எடுத்து, தாக்குபவருக்குக் கொடுத்ததாகிறது. விதிப் புத்தகத்தில் முதல் நிமிடத்துக்கு ஒரு ஃபவுல், கடைசி நிமிடத்துக்கு வேறொரு ஃபவுல் என்று இல்லை. வர்ணனையாளர் பலர் இந்த வாசகத்தை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எனினும் புதிதாக இந்த ஆட்டத்துக்கு வந்த இலட்சக்கணக்கானோர் கேட்கும்போது, விசில் ஊதிய நடுவர் ஏதோ அத்துமீறிவிட்டார் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் ஊன்றிவிடுகிறது. அந்த அரையிறுதியைச் சராசரியாக 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில், ஸ்கிரீன் விதி இன்னது என்று இருபது விநாடி விளக்கம் தருவதைவிடப் பயனுள்ள வர்ணனை வேறு இருந்திருக்க முடியாது.

கேள்வி: 2023 இறுதி ஆட்டத்தில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் பந்தைப் பின்னால் தட்டிவிட்டதற்கு டெக்னிக்கல் ஃபவுல் (மோதல் அல்லாத, ஒழுங்கு சார்ந்த ஃபவுல்) கொடுத்தார்கள். அது எப்படி அவருடைய நான்காவது ஃபவுலாகக் கணக்கில் சேர்ந்தது?

அமெரிக்க ஆண்கள் தொழில்முறை லீக்கான என்பிஏ ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் இது விந்தையாகப் படுகிறது. அங்கே டெக்னிக்கல் ஃபவுல், ஆறு தனிநபர் ஃபவுல் கணக்கில் சேராது. கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுலோடு வீராங்கனை வெளியேற வேண்டும். கிளார்க்குக்குக் கொடுக்கப்பட்ட வகை டெக்னிக்கல் அந்த ஐந்தில் ஒன்றாக எண்ணப்படும். நம் ஊர்க் களங்களில் நடைமுறையில் உள்ள ஃபிபா (பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியும் ஆட்டக்காரர் மீதான டெக்னிக்கலை ஐந்தில் ஒன்றாகவே எண்ணுகிறது. ஆகவே கோவையிலோ சென்னையிலோ மாவட்டப் போட்டி ஆடியவருக்கு இது புதிதாக இராது.

தீர்ப்பின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். விசில் ஊதியதும் கையில் பந்து வைத்திருப்பவர் அதை அருகிலுள்ள நடுவரிடம் உடனே தர வேண்டும். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக அயோவா அணிக்கு முன்னரே ஓர் எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. இரண்டாவது முறை என்பதால் டெக்னிக்கல் வந்தது. மூன்றாம் கால்பகுதியின் இறுதியில் நடந்தது இது. அந்தக் கால்பகுதி முடிவில் எதிரணியான லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் (எல்எஸ்யூ) 75-64 என்று முன்னிலையில் இருந்தது, கடைசியில் 102-85 என்று வென்றது.

விதிப்படி தீர்ப்பு சரி. ஆனாலும் நான் அந்த இடத்தில் நின்றிருந்தால், கோபமோ அவமதிப்போ இல்லாத அந்தச் சிறு தட்டலுக்கு, "பந்தைக் கொடும்மா" என்று ஒரு சொல் சொல்லி நகர்ந்திருப்பேன். எச்சரிக்கை பெற்ற அணியிடம் மறுபடியும் சொல்லால் மட்டும் நிறுத்திக்கொள்வது விதிக்கு முழுப் பணிவு ஆகாது என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். அந்த இறுதி ஆட்டத்தில் இரு அணிகளின் முதன்மை வீராங்கனைகளும் ஃபவுல் சுமையால் நெடுநேரம் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பார்வையாளர்களின் கோபத்துக்கு அடிப்படை அதுவே. டெக்னிக்கல் அந்தக் கோபம் வெளிப்பட்ட இடம். முந்தைய எச்சரிக்கை என்ற ஒரு தகவல் உடனுக்குடன் எல்லோரையும் சென்றடைந்திருந்தால், விவாதத்தின் பாதி அன்றே அடங்கியிருக்கும்.

கேள்வி: பிளாக்கா (தடுப்பவரின் ஃபவுல்), சார்ஜா (தாக்குபவரின் ஃபவுல்) என்று வீட்டில் இருந்தபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

மோதலைப் பார்க்காதீர்கள், மோதலுக்கு முந்தைய அரை விநாடியைப் பாருங்கள். பந்தோடு வருபவரின் ஊன்றும் கால் தரையை விட்டு எழும் கணத்தில் காட்சியை நிறுத்துங்கள். அந்தக் கணத்துக்கு முன்பே தடுப்பவர் இரு கால்களையும் தரையில் பதித்து, எதிராளியை நேர்முகமாகப் பார்த்து, வழியில் நின்றிருந்தால் சார்ஜ். எதிராளி காற்றில் எழுந்த பிறகு குறுக்கே நுழைந்திருந்தால் பிளாக். தடுப்பவர் சிலைபோல் நிற்க வேண்டும் என்று பலரும், சில வர்ணனையாளர்களும்கூட, நம்புகிறார்கள். அது தவறு. முறையான இடத்தை ஒருமுறை பிடித்த பிறகு, எதிராளியோடு சேர்ந்து பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நகரத் தடுப்பவருக்கு முழு உரிமை உண்டு. எதிராளியை நோக்கி முன்னேறித்தான் மோதக் கூடாது. கூடையின் அடியில் 4 அடி ஆரத்தில் வரைந்த வில்லுக்குள் நின்று சார்ஜ் வாங்க இரண்டாம் நிலைத் தடுப்பாளர் (சக வீராங்கனைக்கு உதவியாகத் தடுக்க வருபவர்) முயன்றால் அது பிளாக்காகவே கொள்ளப்படும். குதிகால் கோட்டைத் தொட்டதா என்பதையும் அந்த உறைந்த காட்சியிலேயே பார்த்துவிடலாம்.

மெதுவோட்டத்தில் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டாம். மெதுவோட்டம் கால்களின் இடத்தைச் சரியாகக் காட்டும், மோதலின் வலுவையோ மிகைப்படுத்தும்.

கேள்வி: இவ்வளவு கேமரா இருந்தும் தவறான ஃபவுலை ஒளிப்பதிவு பார்த்துத் திருத்தாதது ஏன்?

கல்லூரி விதிகள் திட்டமாகச் சொல்லக்கூடியவற்றையே மறுபார்வைக்கு விடுகின்றன: எறிந்தது இரண்டு புள்ளியா மூன்றா, மணி அடிக்கும் முன் பந்து கையை விட்டதா, கொடுத்த ஃபவுல் கடுமையான வகையைச் சேர்ந்ததா, கைகலப்பில் யார் யார் ஈடுபட்டார்கள் என்பவை அவற்றுள் சில. எட்வர்ட்ஸின் ஸ்கிரீன் போன்ற, நடுவரின் மதிப்பீட்டைச் சார்ந்த சாதாரண ஃபவுல் அந்தப் பட்டியலில் இல்லை. 2024 மார்ச்சில் தென்கிழக்கு மாநாடு என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு நடத்திய போட்டியின் இறுதி ஆட்டத்தில் சௌத் கரோலினாவின் கமில்லா கார்டோசோ, எல்எஸ்யூவின் ஃப்ளாஜே ஜான்சனைத் தள்ளி வீழ்த்தியபோது, பெஞ்சிலிருந்து களத்துக்குள் ஓடி வந்தவர்கள் யார் என்பதை நடுவர்கள் ஒளிப்பதிவைப் பார்த்தே பிரித்து வெளியேற்றினார்கள். மறுபார்வை சிறப்பாகப் பயன்படும் இடம் அது. ஒவ்வொரு உரசலுக்கும் திரைக்கு ஓடினால் ஆட்டத்தின் ஓட்டமே நின்றுவிடும் என்பதால், இந்த வரம்பு எனக்கு உடன்பாடானதே.

கேள்வி: கனெடிகட்டுக்கு ஆடிய ரெபெக்கா லோபோ, அந்த அணியின் ஆட்டங்களுக்கே வர்ணனை செய்வது சரியா?

லோபோ 1995-இல் 35-0 என்று தோல்வியே காணாமல் பட்டம் வென்ற கனெடிகட் அணியின் முதன்மை வீராங்கனை. ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் ரயன் ருவோக்கோவுடனும், களத்தோரம் நிற்கும் ஹோலி ரோவுடனும் சேர்ந்து பெரிய ஆட்டங்களை வழங்குபவர். பெண்கள் கூடைப்பந்தை ஆழமாக அறிந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? பெரும்பாலும் இதே கல்லூரிகளிலிருந்துதான். 2022 முதல் இறுதிச்சுற்று ஆட்டங்களுக்கு மாற்று ஒளிபரப்பு நடத்திய சூ பேர்டும் டயானா டவுராசியும் கனெடிகட்காரர்களே. முன்னாள் கல்லூரியைக் காரணம் காட்டி இவர்களை விலக்கினால், விளையாட்டை உள்ளிருந்து அறிந்த குரல்கள் மிகச் சிலவே மிஞ்சும்.

சார்பைச் சோதிக்க வேறு வழி உண்டு. ஒரே வகை மோதல் இரு பக்கமும் நடக்கும்போது வர்ணனையாளர் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். ஓர் அணி செய்தால் "துணிச்சலான தடுப்பு", மற்றது செய்தால் "முரட்டுத்தனம்" என்று பிரிந்தால் அங்கே சார்பு இருக்கிறது. லோபோவை இந்த அளவுகோலில் பல ஆட்டங்களில் கேட்டிருக்கிறேன். என் மதிப்பீட்டில் அவர் தேறுகிறார்.

கேள்வி: ஒரு நடுவரையே ஆட்டத்தின் நடுவில் மாற்றினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2024 என்சிஏஏ போட்டியில் சட்டனூகா, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணிகள் மோதியபோது, நடுவர் ஒருவருக்குச் சட்டனூகாவுடன் கல்வித் தொடர்பு இருந்தது ஆட்டம் தொடங்கிய பின் தெரியவந்தது. இடைவேளையில் அவரை மாற்றினார்கள். அவருடைய தீர்ப்புகள் எதையும் காரணமாகச் சொல்லவில்லை. இது முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டிய ஏற்பாட்டாளரின் வேலை.

கேள்வி: ஓர் அணிக்கு 22 ஃபவுல், இன்னோர் அணிக்கு 11 என்றால் நடுவர்கள் சாய்ந்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

அவசியமில்லை. ஓர் அணி கூடையை நோக்கி உள்ளே புகுந்து ஆடி, மற்றது வெளியிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்துகொண்டிருந்தால், ஃபவுல் கணக்கு ஒரு பக்கம் சாய்வது இயல்பு. முழுக்கள அழுத்தத் தடுப்பு ஆடும் அணியும் கூடுதலாக வாங்கும். பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்துவதற்காகக் கடைசி நிமிடத்தில் வேண்டுமென்றே செய்யும் நான்கைந்து ஃபவுல்களை முதலில் கழித்துவிட வேண்டும். பெண்கள் கல்லூரி ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து நான்கு பத்து நிமிடக் கால்பகுதிகளாக ஆடப்படுகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றிக் கூடையில் எறியும் வாய்ப்பு). அதனால் மொத்தக் கணக்கைவிட, எந்தக் கால்பகுதியில் எத்தனை விரைவாக ஐந்தை எட்டினார்கள் என்பதைப் பாருங்கள்.

2013 என்சிஏஏ போட்டியில் லூயிவில், நடப்பு வாகையரான பெய்லரை 82-81 என்று வீழ்த்தியபோது, பெய்லரின் பிரிட்னி கிரைனரை முரட்டுத்தனமாக நெருக்கியும் நடுவர்கள் விட்டுவிட்டார்கள் என்று அந்த அணியின் அன்றைய பயிற்சியாளர் கிம் மல்கி கடுமையாகப் பேசி, அடுத்த ஆண்டுப் போட்டியில் ஓர் ஆட்டத் தடையைப் பெற்றார். கிரைனர் மீது நடந்த பிடியும் தள்ளலும் கூடுதலாக விசில் பெற்றிருக்க வேண்டியவை என்பதில் நான் மல்கியின் பக்கமே. அதே ஆட்டத்தில் லூயிவில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த 25-இல் 16-ஐக் கூடையில் போட்டது. அந்தப் பதினாறில் ஒன்றையாவது தடுக்கப் பெய்லரின் வெளிவட்டத் தடுப்பு என்ன செய்தது என்ற கேள்விக்கு நடுவர்கள் பதில் சொல்ல முடியாது.